மிச்சமிருந்த தளர்ச்சி

"டாக்டரம்மா, நான் விடுற குறட்டையில உங்க கத்தி கித்தி கீழ விழுந்துடப் போகுது" என்று அறுவை மேஜையில் படுத்துக்கொண்டே சிரித்தார் பஸ் டிரைவர். மயக்க மருந்து டாக்டரும் சிரித்தபடியே ஊசியைப் போட்டாள். முதலில் தூக்கத்துக்கு, அடுத்தது தசைகளைத் தளர்த்த.

குடலிறக்க அறுவை நல்லபடியாக முடிந்தது. தளர்ச்சி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கருவி உண்டு. மணிக்கட்டு நரம்பை மின்சாரத்தால் நான்கு முறை தட்டும். கட்டைவிரல் நான்கு முறையும் ஒரே வலுவோடு துள்ளினால்தான் மூச்சுக்காகத் தொண்டையில் செருகிய குழாயை எடுக்கலாம். கருவி பக்கத்து அறையில் இருந்தது.

"மூச்சு விடறாரே, இன்னும் என்ன? அடுத்த ஆள் காத்துக் கிடக்கறார்" என்றார் சர்ஜன்.

தளர்ச்சியை முறிக்கும் மாற்று மருந்து கொடுத்தாயிற்று, மூச்சும் வருகிறது. அவள் குழாயை எடுத்துவிட்டாள்.

அடுத்த நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தபோது டிரைவரின் மனைவி பதறிக்கொண்டு வந்தாள்.

"அவர் குறட்டையே விடல டாக்டர். நர்ஸம்மாவைக் கேட்டா, அவர் அசந்து தூங்கறார்ங்கறாங்க. இத்தனை வருஷம் பக்கத்துல படுத்தவ சொல்றேன், இது தூக்கமில்ல."

டிரைவரைக் கிடத்தியிருந்த அறைக்கு டாக்டர் ஓடினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதே தெரியவில்லை. முகமூடியை அழுத்திப் பிடித்துக் காற்றைச் செலுத்தினாள். நர்ஸ் கருவியைக் கொண்டுவந்து பொருத்தினாள். விரல் ஒருமுறை துள்ளியது. இரண்டாவது அரைகுறை. அதற்கப்புறம் அசைவே இல்லை. மூடிய கண்ணோரம் நீர் வழிந்திருப்பதை அப்போதுதான் டாக்டர் பார்த்தாள்.

காதருகே குனிந்தாள். "முழிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. நீங்க விடவேண்டிய மூச்சை நான் விடறேன். பயப்படாதீங்க."

வீரியமான மாற்று மருந்து ஏறிய சற்று நேரத்தில் அவர் விரல்கள் அவள் சட்டைக்கையை இறுகப் பற்றின.

மறுநாள் வார்டில் அவரிடம் போனாள். மனைவி பக்கத்தில் இருந்தாள். "தப்பு என்னோடதுங்க. கருவி வெச்சுப் பார்க்காம எடுத்துட்டேன்."

"இவ கூப்பிட்டது கேட்டுச்சு. பதில் சொல்ல நாக்கு அசையல. போய்ச் சேர்ந்துட்டேன்னே நெனச்சேன்" என்றவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆள் பொழைச்சாரில்ல, விடுங்க" என்றார் வார்டுக்கு வெளியே நின்ற சர்ஜன்.

பல வாரம் கழித்து மருந்து வாங்க மனைவி மட்டும் வந்திருந்தாள். டாக்டர் தயங்கித் தயங்கி விசாரித்தாள்.

"கண்ணை மூடவே பயப்படறார். தூக்கமில்லாதவனை நம்பி இத்தனை உயிர் பஸ்ல ஏறக் கூடாதுன்னு அவரே வேலையை விட்டுட்டார்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் முகத்தைப் பார்க்காமலே வரிசையில் போய் நின்றாள்.