சனிக்கிழமை டெலிவரி

உலகம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று சித்தி சொன்னதும், வக்கீல் தன் கறுப்புக் கோட்டைக் கவுன்டரில் வைத்துவிட்டு, "அப்போ என் திங்கக்கிழமை வாய்தா என்னாகும்மா?" என்று கேட்டார்.

சித்தப்பா இஸ்திரி மேசையிலிருந்து தலையைத் தூக்காமல், சனிக்கிழமை காலையில் வந்தால் கோட்டு தயாராக இருக்கும் என்றார். சித்தி கொடுத்த ரசீதில் தேதி எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

எங்களுடையது சலவைக்கடை. சித்தி வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறவன் என்பதால், தேய்த்த துணிக்கு பிளாஸ்டிக் உறை மாட்டுவது என் வேலை. உலக அழிவு சித்தியின் போனில் வந்தது. ஏதோ ஒரு பழங்கால இனத்தார் கல்லில் செதுக்கிய நாள்காட்டி இந்த வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடுகிறதாம். அதற்குமேல் கல்லில் ஒன்றும் இல்லையாம். ஆகவே உலகத்திலும் ஒன்றும் இருக்காதாம். சொன்னவர் ஒரு தாடிக்காரர். இதற்கு முன்பும் ஒரு தேதி சொல்லியிருந்தார். அது சத்தமில்லாமல் கடந்துபோனதும், கணக்கில் சின்னப் பிழை என்றார். பிழை கணக்கில்தான், அவரிடம் இல்லை.

சித்தியிடம் நியாயம் பேசினேன். நம் சுவரில் தொங்கும் காலண்டர்கூட வருஷா வருஷம் டிசம்பரில் முடிகிறது, ஆணியில் இன்னொன்றை மாட்டுகிறோமே தவிர யாரும் உயில் எழுதுவதில்லை என்றேன். செதுக்கியவனுக்குக் கல் தீர்ந்திருக்கும், இல்லை கை வலித்திருக்கும், இல்லை யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள் என்றேன். சித்தி யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீ சொல்றது சரியாத்தான்டா இருக்கும்," என்றாள். "ஆனா உனக்கு அவசரம் இல்ல."

அதற்குப் பிறகு நான் கல்லைப் பற்றிப் பேசவில்லை.

அவள் அவசரம் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அவள் மகன், நாங்கள் எல்லாரும் நெட்டை என்று கூப்பிட்டவன், போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவன் கழற்றி நாற்காலியில் எறிந்த சாம்பல் நிறக் கட்டம்போட்ட சட்டையை சித்தி துவைக்கவே இல்லை. ஊர் அழுக்கையெல்லாம் எடுக்கும் கடையில் அந்த ஒரு சட்டை மட்டும் அழுக்காகவே, உறைக்குள் முடிச்சுப் போட்டு, கவுன்டருக்குக் கீழே இருந்தது. எப்போதாவது முடிச்சை அவிழ்த்து முகத்தை உள்ளே வைப்பாள். வாசம் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் உடனே கட்டிவிடுவாள். சரியாக அந்த நேரத்தில் சித்தப்பாவுக்கு ஹேங்கர் அடுக்கும் வேலை வந்துவிடும்.

தேதி தெரிந்த பிறகு சித்தி மாறிப்போனாள். ஒழுங்காகத் தலை வாரினாள். நெட்டையைத் திட்டக்கூட ஆரம்பித்தாள். அங்கே போய் அவனைப் பார்த்ததும் முதல் வேலையாக, ஈரத் தலையோடு வண்டி ஓட்டிக்கொண்டு அலைந்ததற்கு வாங்கு வாங்கென்று வாங்கப்போவதாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கப் போகிறேன் என்று தெரிந்து சித்தப்பா என்னை மெஷின் பக்கம் இழுத்துப் போனார்.

"சிரிக்கிறாடா. வெள்ளிக்கிழமை வரைக்கும் சிரிக்கட்டும், விடு."

விட்டோம். சனிக்கிழமை அவளைத் தேற்ற இரண்டு பேரும் தயாராக இருந்தோம். வியாழக்கிழமைக்கு யாரும் தயாராக இல்லை.

அன்று சித்தி அலமாரியைக் காலி செய்தாள். யாரும் வாங்க வராமல் கிடந்த துணிகளையெல்லாம் எடுத்து மறுபடி துவைத்தாள். ஒருத்தரும் அழுக்கோடு போகக் கூடாதாம். தொழில் புத்தி போகாது என்று சிரித்துக்கொண்டே கல்லூரிக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது வாசல் பக்கக் கம்பியில் நெட்டையின் சட்டை தொங்கியது. காலர் விறைப்பாக, கை மடிப்பு கத்தி மாதிரி.

சித்தி என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா அப்படிப் பாக்குற? அவன் போட்டுக்க வேணாமா?"

சித்தப்பா சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருகிய வாடை வந்த பிறகுதான் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினார். யாருடைய கால்சட்டையோ. அந்த மேசையில் துணி கருகி நான் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. கரண்ட்கூடப் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சித்தி சட்டையை இறக்கினாள். காலரில் முகத்தை வைத்தாள். பிறகு அக்குள் பக்கம். பிறகு கை மடிப்பில்.

"சோப்பு வாசனைதான்டா வருது," என்றாள்.

சித்தப்பா ஹேங்கர் அடுக்கப் போகவில்லை. சும்மா நின்றார்.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "அந்தத் தாடிக்காரர் வேற தேதி ஏதாவது சொல்லிருக்காரா, பாரு."

பார்த்தேன். சொல்லியிருந்தார். கணக்கில் சின்னப் பிழையாம். போனை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

"இல்ல சித்தி."

வக்கீல் வந்தார். கிண்டலுக்குத்தான் வாயைத் திறந்தார். சித்தி கையிலிருந்த சட்டையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கோட்டை வாங்கிக்கொண்டு, கொண்டுவந்திருந்த இன்னொன்றை வைத்து, எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

சித்தி சட்டையை மடியில் போட்டுக்கொண்டு ரசீதை இழுத்தாள்.

"அடுத்த சனிக்கிழமை," என்று சொல்லி, தேதியை எழுதினாள்.