மதினியின் எவர்சில்வர் அண்டா

என் மதினி காவ்யஸ்ரீ கல்யாணச் சீரோடு ஒரு எவர்சில்வர் அண்டாவும் கொண்டுவந்தாள். அம்மா அதைச் சமையலறைக்குத் தூக்கிப் போனபோது, "அத்தை, அது சாயம் காய்ச்ச. சோறு வடிச்சிராதீங்க" என்று சிரித்தாள். அண்டாவுக்குள் ஒரு சின்னத் தராசு, தெர்மாமீட்டர், முழங்கை வரை வரும் ரப்பர் கிளவுஸ். சாயப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள்.

எட்டாம் வகுப்போடு நான் நின்றதிலிருந்து, ஐந்து வருடமாக வீட்டில் நூலுக்குச் சாயம் போடுவது என் கையில் இருந்தது. நசுங்கிய அலுமினிய அண்டா, கிண்ட ஒரு வேப்பங்கம்பு, அளக்கக் கொட்டாங்கச்சி. சூடு பார்க்க விரல்தான். நகமெல்லாம் எப்போதும் சிவந்திருக்கும்.

மதினி விளாங்குடியில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரம் அவளுக்குத் தடுமாறும் என்று வீடே தமிழுக்கு மாறிவிட்டது. இரண்டிலும் பேசாதவள் நான் ஒருத்திதான்.

கண்காட்சிக்கு இருபது சிட்டம் சிவப்பு நூல் கேட்டு ஆர்டர் வந்தது. அண்ணன் வெங்கடேஷ்பாபு என் பக்கம் திரும்பவே இல்லை.

"காவ்யா, நீயே போட்டுரு. நல்லா வந்தா இனிமே சாயமெல்லாம் உன் பொறுப்பு. சூடாமணி கூடமாட ஒத்தாசை பண்ணட்டும்."

மறுநாள் காலை அவள் அண்டாவில் சிவப்புச் சாயத்துக்கு மஞ்சிட்டி வேர் ஊறிக்கொண்டிருந்தது. சிவப்பு ஏற்றும் முன் நூலைக் கடுக்காய்த் தண்ணீரில் போட வேண்டும். நான் பிளாஸ்டிக் பேசினில்தான் போடுவேன். மதினி கிணற்றடியிலிருந்த இரும்பு வாளியை எடுத்தாள். அடியெல்லாம் துரு. கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கறுத்துவிடும். பயிற்சியில் எல்லாமே எவர்சில்வராக இருந்திருக்கும்.

"சூடா, எம்புட்டு நேரம் ஊறணும்?"

மூன்று விரலைக் காட்டினேன்.

"மூணு மணி நேரமா? வாயில முத்தா வச்சிருக்க?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நூல் மஞ்சளானது, சாம்பலானது, கடைசியில் அடுப்புக்கரியானது. எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம்.

அண்ணன் ஒரு சிட்டத்தைத் தூக்கிப் பார்த்தான். "இதுவா சிவப்பு? அந்த சர்டிபிகேட்ட பிரேம் போட்டு மாட்டு!"

"சூடா பக்கத்துலதானடா இருந்தா?" என்றாள் அம்மா.

"இவ என்னைக்கு வாயத் தொறந்தா? பாவம், இவளுக்கு என்ன தெரியும்?"

மதினி வாளியின் அடியைப் பார்த்தாள். அப்புறம் என் நகங்களைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் தெரிந்தே விட்டேன் என்று சொல்லட்டும் எனக் காத்திருந்தேன். சொன்னால், எனக்குத் தெரியும் என்றாவது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"இரும்பு வாளி வேணாம்னு சூடா சொன்னா. நான்தான் கேக்கல" என்றாள்.

அண்ணன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "அப்படியா? அப்ப இனிமே நீயே போடு சூடா."

எனக்கு என் இடம் கிடைத்துவிட்டது. அவள் கொடுத்துக் கிடைத்தது. மதினி அண்டாவை என் பக்கம் நகர்த்தினாள். பொய்கூட அவளுக்கு எவ்வளவு அழகாக வருகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது.