இரண்டு பக்கமும் ராசா

எங்கள் குலசாமிக்கு எங்களைப் பிடிக்காது. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் மாசியிலேயே என் காதில் போட்டுவிட்டார்கள். போட்டவள் மேலவீட்டு ராஜபாண்டி மச்சானின் பெண்டாட்டி சண்முகவடிவு அக்கா. அன்றிலிருந்தே எனக்கும் அவளுக்கும் ஆகாது.

இருளப்பசாமி கோயிலுக்குப் பங்காளிகள் இரண்டு வகையறா. மேலவீடு, கீழவீடு. நாங்கள் கீழவீடு. திருச்சுழி ரோட்டை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனால் கோயில் வரும். மாசியில் சாமி கும்பிடுகிற களரித் திருவிழா அன்று காலையில், முதல் மரியாதை எந்த வீட்டுக்கு என்று காசு சுண்டிப் பார்ப்பார்கள். ஜெயித்தவருக்குச் சாமி கழுத்து மாலை, தலையில் பரிவட்டம், முதல் திருநீறு. சாமிப் பெட்டியும் அதன் சாவியும் அடுத்த களரி வரை அவர் வீட்டில்தான் இருக்கும். தோற்றவர் பக்கத்தில் கைகட்டி நின்று இரண்டாவது திருநீறு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

சுண்டுவதற்கென்றே பெட்டிக்குள் ஒரு வெள்ளி ரூபாய் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் காசு. ஒரு பக்கம் ராசா தலை, மறுபக்கம் பூ என்று எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றால் கேள்விதான், பார்த்தவர் கிடையாது. ஏனென்றால் அந்தக் காசைக் கழுவக் கூடாது. பூசாரி வெள்ளத்துரை பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனத்தை அப்பி, அதிரசம் கணக்காக ஆக்கித்தான் சுண்டுவார். தாம்பாளத்தில் விழுந்ததும் மேல்பக்கத்தை மட்டும் பெருவிரலால் வழிப்பார். மூக்கும் கிரீடமும் தெரிந்தால் தலை. அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதனால் ஒருத்தரும் புரட்டியதில்லை.

மேலவீடு மூத்த வீடு, அவர்கள்தான் முதலில் கேட்பார்கள். "குடும்பத்துக்கே தல நாங்கதான, எங்களுக்குத் தல" என்பார்கள். எங்களுக்கு மிச்சம் பூ. தலைதான் விழும். ஒரு வருஷம் ராசா இடது பக்கம் பார்ப்பார், ஒரு வருஷம் வலது பக்கம் பார்ப்பார். வெள்ளத்துரை அதற்கும் வாக்கு வைத்திருந்தார். இடது பார்த்தால் கண்மாய் பெருகும், வலது பார்த்தால் மல்லிகூட முளைக்காது. ஒரே ராசா எப்படிய்யா ரெண்டு பக்கமும் திரும்புவார் என்று கேட்க, அத்தனை ஆம்பளைகளில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! நாங்கள் பொம்பளைகள், தூரத்தில் பொங்கப்பானையோடு மல்லுக்கு நிற்பவர்கள். எங்களுக்கு ராசா மூக்கு தெரியாது.

என் மாமனார் அந்த மரியாதைக்காக ஒரு வருஷம் வெற்றிலையை விட்டார். மறு வருஷம் செருப்பை விட்டார். கரிசலில் கருவேல முள்ளுக்கு நடுவே வெறுங்காலோடு அலைந்தார். சாகும்போதுகூட, "நான் அந்தச் சாமிக்கு என்ன குத்தந்தா செஞ்சேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி ஆரம்பித்தார். மரியாதை வாங்கும்போது தோளில் போட வேண்டுமாம், களரிக்குக் களரி அருப்புக்கோட்டைக்குப் போய்ப் புதுத் துண்டு வாங்குவார். தோற்று வந்ததும் அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். எனக்குச் சேலை வைக்க இடமில்லை.

இந்த வருஷம் தை மாசக் கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வேறு இடம் கிடைக்காமல் சண்முகவடிவு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளால் வாயை மூடிக்கொண்டு ரெண்டு ஸ்டாப் தாண்ட முடியாது.

"ஏ முருகு, ஒனக்குச் சங்கதி தெரியுமா? பழைய காசுக்கு வெல இருக்குன்னு எங்க வீட்டுல போன்ல பாத்துட்டு, சாமி காச மதுரைக்குக் கொண்டு போனாக."

"சாமி காசவா?"

"வெல கேக்கத்தான? விக்கவா போறோம். சந்தனத்தோட குடுத்தா நல்லாவா இருக்கும்னு நான்தான் புளி போட்டு வெளக்கிக் குடுத்தேன். அந்தக் காசு யாவாரி தலையில அடிச்சுக்கிட்டாராம். புளி போட்டதுல பாதி வெல போச்சாம். அப்பிடியும் ஒன்றரை லச்சம் தாரேன்னாராம்!"

"ஒரு ரூவாய்க்கா? அதுல அப்பிடி என்ன இருக்கு?"

"தப்புக் காசாம் முருகு. முன்னாடி அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கிருச்சாம். அது மேலயே இதையும் வச்சு அடிச்சுட்டானாம். அதனால பூவே விழுகலயாம். ஒரு பக்கம் ராசா தல மேடா இருக்கு. மறுபக்கம் அதே தல குழியா, கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பி இருக்கு. இப்பிடிக் காசு கெடைக்கிறதே அபூர்வமாம்!"

சொல்லிவிட்டு, வாங்கி வந்த சேவுப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். பாவி மகளுக்கு இன்னும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்துவிட்டது. மாமனாரின் முள் குத்திய கால்கள்தான் கண்ணுக்குள் வந்தன. அவள் கூந்தலைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் ஒரு கை சேவு அள்ளிக்கொண்டு, "அப்பிடியாக்கா, பரவாயில்லையே" என்றேன்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் அருவாளைத் தேடினார். நல்லவேளை, அதைப் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் கருவேல முள் வெட்ட இரவல் வாங்கிப் போயிருந்தாள்.

"அந்த ராஜபாண்டிய ஊரு முன்னால நிறுத்தி நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கேனா இல்லையா பாரு!"

"கேளுங்க. கேட்டா என்ன ஆகும்? காச மாத்துவாக. புதுக் காசுல உங்களுக்குத் தல விழுமோ பூ விழுமோ, யாரு கண்டா?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு குரலைத் தணித்து, "வேற என்ன செய்யச் சொல்லுற?" என்றார். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

களரி அன்று காலையில் நான் பொங்கப்பானையைப் பொங்கவிட்டுவிட்டு ஆம்பளைகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ராஜபாண்டி மச்சான் முகம் சுருங்கிக் கிடந்தது. காசு சங்கதி அவருக்கும் நடுவில் என்றைக்கோ உறைத்திருக்கிறது. சண்முகவடிவு அக்காவுக்கும் செமத்தியாகக் கிடைத்திருக்கும் போல, என்னைப் பார்க்கவே இல்லை. காசில் பழையபடி சந்தனம் கனமாக ஏறியிருந்தது.

வெள்ளத்துரை காசைக் கையில் எடுத்ததும் என் வீட்டுக்காரர் ராஜபாண்டி மச்சான் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, ஒரு விசயம். நம்ம காசு என்னமோ தப்புக் காசுன்னு பஸ்ஸுல பேசிக்கிறாகளாமே?"

கூட்டத்தில் எல்லோரும் ராஜபாண்டி மச்சானைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் அவரும் அவர் அப்பாவும் கட்டிய பரிவட்டம் எல்லாம் வெறும் துணி. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"எவன் சொன்னது? சாமி காசுல எப்பிடிடா தப்பு வரும்? நல்ல காசு!"

"சாமிக்கு முன்னால சொல்றீக."

"ஆமா, சாமிக்கு முன்னாலதான் சொல்றேன். நல்ல காசு!"

"அது போதும்ணே. நானும் அவங்கள அப்பிடிச் சொல்லித்தான் வைஞ்சு விட்டேன்" என்று என் வீட்டுக்காரர் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். "இந்த வருசம் ஒரு தடவ நாங்க முதல்ல கேக்குறோம். எங்களுக்குத் தல."

ராஜபாண்டி மச்சான் "மூத்த வீடுதான முதல்ல கேக்கணும்?" என்று இழுத்தார்.

"நல்ல காசுதானப்பா? யாரு கேட்டா என்ன? பூ கேட்டாத்தான் சாமி ஒனக்குக் குடுக்காதா?" என்று வெள்ளத்துரையே சொல்லிவிட்டார். கூட்டமும் ஆமாம் போட்டது. அந்த மனுஷன் பூ கேட்டார். அதைக் கேட்ட குரல் இருக்கிறதே, கிடா வெட்டுக்கு நிற்கிற ஆட்டுக்குக்கூட அதைவிடத் தெம்பு இருந்தது.

காசு மேலே போனது. தாம்பாளத்தில் ணங்கென்று விழுந்தது. வெள்ளத்துரை பெருவிரலால் வழித்தார்.

"தல! ராசா எடது பக்கம் பாக்குறாரு. இந்த வருசம் மழதான்!"

என்ன நடக்கும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். இருந்தும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமா, நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை மாமா என்று வாய்விட்டே சொன்னேன். குலவைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையில் பரிவட்டம் ஏறியது. முதல் திருநீறு அவர் நெற்றியில் விழுந்தது. ராஜபாண்டி மச்சான் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் அவர் எங்களிடம் வந்தார்.

"ஜெயபாண்டி, ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனி மறைக்க என்ன இருக்கு? நானே ஊரக் கூட்டி உண்மையச் சொல்லிப்புடுறேன். காச மதுரைக்காரன்கிட்டக் குடுத்துருவோம். வர்ற பணத்துல கோயிலுக்குக் கூரையப் போட்டுட்டு, அடுத்த வருசத்துலருந்து புதுக் காசு வச்சு ஒழுங்காச் சுண்டுவோம். ஒங்கப்பாவ நெனச்சு எனக்கும் ரெண்டு நாளாத் தூக்கம் இல்லப்பா."

நல்ல வார்த்தைதான். மனசிலிருந்து வந்த வார்த்தை என்று எனக்கே தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, பரிவட்டம் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன உண்மைண்ணே? நல்ல காசுன்னு சாமி முன்னால சொன்னது நீங்கதான? நல்ல காச எவன் ஒன்றரை லச்சத்துக்கு வாங்குவான்?"

"ஏலே, அப்ப அடுத்த வருசம்?"

"அடுத்த வருசமும் இதே காசுதான். ஜெயிச்ச வீடு முதல்ல கேக்கட்டும். சாமிப் பெட்டிச் சாவியக் குடுங்க."

கையை நீட்டினார். இருபது வருஷமாக அந்தத் தலையில் அந்தத் துணியைப் பார்க்க ஏங்கியவள் நான். பார்த்துவிட்டேன். மேலவீட்டு ஆம்பளைகள் அதைக் கட்டிக்கொண்டு எப்படி நிற்பார்களோ, அதே மாதிரி நின்றார். ராஜபாண்டி மச்சான் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வாய் வரை ஒரு வார்த்தை வந்ததும் உண்மை.

அதற்குள் மச்சான் மடியிலிருந்து சாவியை எடுத்துவிட்டார். நான்தான் கை நீட்டி வாங்கினேன்.