மொட்டை நிலமும் மலட்டு நிலமும்

மதன்குமார் அவசரப்படுத்தியதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பரளச்சிக்கு அப்பால் சோலார் நிலையம் அமைக்கும் கம்பெனியின் ஆள் அவர். சங்கையாவின் மூன்று ஏக்கர் கரிசலின் குறுக்கே மறுநாள் முதல் லோடு லாரிகள் செல்வதற்கு ஒப்புதல் கேட்டு, ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டினார். அதை வாசித்துச் சொல்வதற்காகவே, முப்பத்தோராண்டு ஆங்கிலம் கற்பித்த என்னைச் சங்கையா தம் புஞ்சைக்கு அழைத்து வந்திருந்தார்.

"கையெழுத்து மட்டும் போட்டா போதும் மேடம். டவுனுல ஆபீஸ மூடிருவாங்க."

நான் முழுவதையும் வாசித்தேன். நிலத்தின் தன்மை என்னும் கட்டத்தில் 'barren' என்றிருந்தது. 'பேரன்' என்று வாய்விட்டு வாசித்தேன்.

"பேரனா? எனக்கு ரெண்டும் பேத்திங்கதானே டீச்சர்" என்றார் சங்கையா.

நான் சிரிக்கவில்லை. மதன்குமாரைப் பார்த்தேன்.

"இங்கிலீசுல 'bare', 'பேர்'னா இப்போதைக்குப் பயிரில்லாத மொட்டை நிலம். மழை பேஞ்சா வெளையும். 'பேரன்'னா என்னைக்குமே வெளையாத மலட்டு நிலம். அதுல லாரி ஏறுனா யாரும் கேக்க முடியாது. தெரிஞ்சேதான் எழுதுனீங்களா தம்பி?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன் மேடம். நெலத்துல என்ன இருக்குன்னு இவர்ட்ட மூணு தடவ கேட்டேன். நீங்களே கேளுங்க." போனில் பதிந்து வைத்திருந்ததைத் தட்டினார். 'ஒண்ணுமில்லய்யா, சும்மாதான் கெடக்கு' என்றது சங்கையாவின் குரல்.

என் சந்தேகம் சங்கையாவின்மேல் திரும்பியது. அவர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கிற்று. புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மேகத்திற்குக் காத்திருப்பது இங்குள்ளோர் வழக்கம். மண் நனையும்வரை விதைத்ததைச் சங்கையா வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் மழை தள்ளிப்போகும் என்பது அவர் நம்பிக்கை.

"வெதச்சாச்சா? லாரி ஏறுனா மண்ணு இறுகி ஒண்ணும் மொளைக்காது. இந்த வருசச் சோறே போயிரும். சொல்லுங்க."

அவர் குனிந்து, மதன்குமாரின் செருப்பருகே இரு விரல்களால் புழுதியைக் கிளறினார். உள்ளங்கையில் ஒரு மக்காச்சோள விதையை நீட்டினார்.

மதன்குமார் துள்ளி வரப்பில் ஏறினார். "ஏய்யா, இத அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"இப்பவும் நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் சங்கையா.

மதன்குமார் தாளைக் குறுக்கே அடித்தார். "பாதைய ஓடைப் பக்கமாத் திருப்பிக்கிறோம் மேடம்."

போனிலிருந்த அந்தத் தாளின் நகலையும் என் கண்முன் அழிக்கும்வரை அவரை வண்டியில் ஏற நான் விடவில்லை. சங்கையா விதையைக் குழிக்குள் வைத்துப் புழுதியை மூடினார்.