பந்தை எறிகிற இடம்

லவனின் இடத்தைப் பிடித்தவன் அவனே அணிக்குக் கூட்டிவந்த றொமேஷ்.

பாரிஸில் மற்றக் கிளப்புகளோடு மோதும் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறிகிற குவாட்டர்பேக்காக இரண்டு வருடம் விளையாடியவன் லவன். போன பருவத்தில் தோல்விமேல் தோல்வி. ஆள் போதாதென்று, கூடப் படிக்கும் றொமேஷைப் புறநகர் ஓல்னேயிலிருந்து இழுத்துவந்தான். பயிற்சியாளர் தியரி ஒருநாள் றொமேஷிடம் பந்தைக் கொடுத்து எறியவைத்துப் பார்த்தார். அதன்பிறகு லவனுக்கு மாற்றாட்கள் குந்தியிருக்கிற வாங்குதான்.

அணி வெல்லத் தொடங்கியது. லவன் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினான். ஆனால் றொமேஷ் எறிந்த பந்து எப்போதாவது தவறி விழுந்தால் உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்படிக் குளிர்வது அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்ததும் விழாதா என்று பார்த்திருந்தான்.

தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் லவனின் அம்மா தில்லைநாயகி புடவைக்கடை வைத்திருந்தார். றொமேஷ் அங்கே வந்தால் தேத்தண்ணியும் றோல்ஸும் தயாராக இருக்கும்.

"நீயும் அவனை மாதிரி ஒழுங்காப் பயிற்சிக்குப் போனால் என்ன?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"நான் ஒருநாளும் விடாமல் போறனான், அம்மா."

மே மாதம் இறுதியாட்டம். முதற்பாதியில் றொமேஷ் எறிந்த பந்துகளை எதிரணி பறித்துக்கொண்டே இருந்தது. வாங்கிலிருந்த லவனுக்குக் காரணம் விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இடைவேளையில் தியரி வந்து, "லவன், தயாராயிரு" என்றார். அவன் தலைக்கவசத்தை எடுத்தான். அப்போது றொமேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மற்றவர்களுக்கு விளங்கக்கூடாதென்று தமிழில் கேட்டான்.

"நான் எங்கை பிழை விடுறன்? நீ பாத்துக்கொண்டுதானே இருந்தனி."

லவன் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டினான். திரும்பக் கழற்றினான்.

"எறிய முதலே எறியப்போற பக்கத்தைப் பாக்கிறாய். அவங்கள் உன்ரை தலையைத்தான் கவனிக்கிறாங்கள். பொய்யா மற்றப் பக்கம் பார்."

றொமேஷ் எழுந்துபோய்த் தியரியிடம் இன்னும் ஒரு வாய்ப்புக் கேட்டான். கிடைத்தது. ஆட்டத்தை வென்றும் கொடுத்தான்.

மறுநாள் கடையில் றொமேஷே நடந்ததைச் சொன்னான். "லவன் சொல்லாட்டி நாங்கள் தோத்திருப்பம், அன்ரி."

"ஓமோ?" அம்மா மகனைப் பெருமையோடு பார்த்தார்.

அந்தப் பார்வைக்காகத்தான் அவன் வருடம் முழுக்கக் காத்திருந்தான். அதுவும் றொமேஷ் வாங்கிக் கொடுத்துத்தான் வரவேண்டியிருந்தது. வெற்றியை எடுத்துக்கொண்டவன் பெருந்தன்மையையும் தானே எடுத்துக்கொண்டான். அவன் கெட்டவனாகவாவது இருந்திருக்கலாம்.

"வாற வருசம் நான் வேறை கிளப்புக்குப் போறன்" என்றான் லவன்.

றொமேஷ் கடித்த றோல்ஸை மெல்லாமல் நிறுத்தினான். "அப்ப எனக்கு எதிரா விளையாடுவியோ?"

"ஓம்."

இவ்வளவு நாளில் முதல்முறையாக லவன் அவனுடைய முகத்தை நேராகப் பார்த்தான்.