பன்னிரண்டுக்குக் கீழே ஒரு பொட்டு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. புதுக்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பேர், கைக்கடிகாரத்துக்குள் குங்குமம் போன விஷயத்தைப் பேசிக்கொண்டு வந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கதை சூடு பிடிக்கிற நேரத்தில் நடத்துனர், "திருமயமெல்லாம் எறங்கு" என்றார். இறங்கிவிட்டேன். முடிவு அந்தப் பேருந்திலேயே காரைக்குடிப் பக்கம் போய்விட்டது.

அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. முக்கால் கதையைக் கையில் கொடுத்தால் மீதியைச் செய்துகொள்ளத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது. (இந்தத் தெம்போடுதான் எழுத உட்கார்ந்தேன். ஏழாவது பகுதியில் என் முகத்தைப் பாருங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அந்திவெயில் திருமயம் கோட்டைச் சுவரில் பொன்னாய் வழிந்துகொண்டிருந்தபோது, கிழவர் ரத்தினவேல் தன் நடுங்கும் விரல்களால்

நிறுத்திவிட்டேன். விரல் நடுங்குகிறவரிடம் யார் கடிகாரத்தைக் கொடுப்பார்கள்? ஆனாலும் வாக்கியத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ரத்தினவேல் கிழவன் இல்லை. கதை நடக்கும் 1957இல் அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திருமயம் கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவில், கண்ணாடிப் பெட்டி வைத்த சின்னக் கடை. வாய் நீளம். கையும் அதற்கு ஈடு கொடுத்ததால் ஊர் பொறுத்துக்கொண்டது. பழைய கடிகாரத்தை யார் கொண்டுவந்தாலும் முதலில் ஒரு பிரசங்கம் உண்டு.

"ஓட வைக்கிறது எம் பொறுப்புங்க. ஆனா டயலத் தொட மாட்டேன். பெயின்ட் அடிச்சுப் புதுசாக்கிக் குடுன்னு கேட்டா, அடுத்த கடைக்குப் போயிருங்க. விவரம் தெரிஞ்சவன் மொதல்ல டயலத்தான் பாப்பான். அதுல கைய வச்சா மதிப்பு போச்சு."

அடுத்த கடை புதுக்கோட்டையில் இருந்தது.

3

சொர்ணவல்லி அரிமளத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். நாற்பதைத் தொடுகிற வயது. நெற்றியில் திருநீறு மட்டும். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கைக்கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள். சுவிஸ் கடிகாரம். பஸ் டிரைவராக இருந்த அவள் கணவன் சோலையப்பனுக்கு, பினாங்கிலிருந்து வந்த அவனுடைய அண்ணன் கொடுத்தது. சோலையப்பன் காய்ச்சலில் போன பிறகு டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் தம்பி. மாப்பிள்ளை கையில கட்டணும். புதுசாட்டம் ஆக்கிக் குடுங்க."

ரத்தினவேல் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தான். மேல் கண்ணாடி விளிம்பில் லேசாக ஆடியது. டயலில் பன்னிரண்டுக்குக் கீழே சிவப்பாக ஒரு கறை.

"இதென்னக்கா செவப்பு?"

"துருவா இருக்கும். சம்பந்தியம்மா அழகம்மாளும் நிச்சயத்தன்னிக்கு இதத்தான் கேட்டாக. கறையோட மணவறைக்கு வரக் கூடாதுன்னு சொல்லிப்புட்டாக. அது போயிரணும் தம்பி."

"அது போகாது. பெயின்ட்டுக்குள்ள எறங்கியிருக்கும். அழிச்சா நம்பரும் சேந்து வந்துரும்."

"நீங்க இன்னும் தொறந்தே பாக்கலியே."

"தொறக்காமலே சொல்லுவேன்."

4

இங்கே சொர்ணவல்லியை அழவைத்துப் பார்த்தேன். "அவள் கண்களில் நீர் கோத்தது, கணவனின் நினைவு நெஞ்சில்

ஒட்டவில்லை. தனியாக நின்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் ஒரு மகளை வளர்த்தவள், கடைத்தெருவில் நின்று அழுவாளா? அவள் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொன்னபடி செய்கிற ஆள் இல்லை என்று தெரிந்ததும் அவள் போக்கில் விட்டேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"தொறங்க. பாத்துட்டுத்தான் போவேன்."

(பாதியில் நிற்கும் வாக்கியங்களை ஏன் அழிக்கவில்லை என்று சொல்வதாகச் சொன்னேனே. ரத்தினவேலைக் கேட்டால் பழைய பொருளில் அழுக்கை எடு, தழும்பை விடு என்பான். என் அந்திவெயில் அழுக்கா தழும்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாத வரைக்கும் கை வைக்காமல் இருப்பதுதான் முறை.)

5

பின்மூடியைத் திறந்தான். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. துரு இல்லை. கழுவி எண்ணெய் போட்டால் ஓடும். அவன் முகம் மலர்ந்தது. முன்பக்கக் கண்ணாடியை வளையத்தோடு நெம்பி எடுத்தான். டயலில் கீறல் விழாதபடி அடியில் மெல்லிய காகிதத்தைக் கொடுத்து முட்களைக் கழற்றினான். டயலைச் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் ஓரத்தில் பிடித்து வெளியே எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தான்.

இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தான். அந்தக் கடையில் அது அபூர்வம்.

சிவப்பு, பெயின்ட்டுக்குள் இறங்கவே இல்லை. மேலாக உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு துணுக்கு பெயர்ந்த இடத்தில் டயல் அன்று வாங்கியது போல வெள்ளையாகத் தெரிந்தது. கழற்றி வைத்த வளையத்தின் உள்ளோரத்தை மோந்து பார்த்தான். காய்ந்த சந்தனம்.

"அக்கா, நான் சொன்னது தப்பு" என்றான். (இதை அவன் வாயிலிருந்து வரவழைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.) "இது துருவும் இல்ல, கறையும் இல்ல. குங்குமம். சந்தன ஈரத்துல ஒட்டிக் காஞ்சிருக்கு. துணி வேணாம், மருந்து வேணாம். லேசா ஒரு ஊது ஊதினாப் போயிரும். டயலுக்கு ஒரு சேதாரமும் வராது."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அவன் கொள்கைக்கும் பங்கமில்லை. அழகம்மாளுக்கும் பதில் தயார். இந்த இடத்தில் முடித்திருந்தால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

6

சொர்ணவல்லி எழுந்து வந்தாள்.

"அது நான் வச்சது" என்றாள்.

ரத்தினவேல் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆயுத பூசையன்னிக்கு பஸ்ஸுக்குப் பொட்டு வைக்க என்னையக் கூட்டிட்டுப் போனாக. ஸ்டியரிங்குக்கு வச்சேன், முன்னாடி லைட்டுக்கு வச்சேன். கடியாரம் கட்டின கைய நீட்டி, 'இதுவும் ஆயுதந்தான்டி, இது இல்லாட்டி முதலாளி என்னைய பஸ்ஸுல ஏத்துவாரா'ன்னாக. சிரிச்சுக்கிட்டே அழுத்தி வச்சேன். கண்ணாடி அப்பவே ஆடியிருக்கும்போல. அடுத்த மாசமே படுத்துட்டாக. அதுக்கப்புறம் நான் குங்குமத்தத் தொடல."

ரத்தினவேல் லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தான். அவளே தொடர்ந்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு எம் மகளுக்கு நான் பொட்டு வைக்க முடியாது தம்பி. ஒதுங்கி நிக்கணும். தாலித் தட்டு எல்லார்கிட்டயும் வரும், எங்கிட்ட வராது." டயலையே பார்த்தாள். "இது மட்டும் மாப்பிள்ளை கையோட மணவறைக்குப் போகும்."

எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் மேலே எழுதினேன். மறைப்பானேன்.

"அழகம்மா பாத்துட்டாகன்னா?" என்றான் ரத்தினவேல் மெதுவாக.

"வெறுங்கறைக்கே மூஞ்சியச் சுளிச்சாக. நான் வச்ச பொட்டுன்னு தெரிஞ்சா, கல்யாணத்த"

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானல்ல, அவள்.)

7

முடிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில், ரத்தினவேல் ஊதினான். டயல் பளிச்சென்றது, கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது, சொர்ணவல்லி பந்தலின் ஓரத்தில் நின்றாள். எழுதி முடித்ததும் எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. எழுதியது நான் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றில், அவன் அப்படியே கண்ணாடியைப் போட்டு மூடிவிட்டு, அழகம்மாளிடம் போய், "ஒசந்த ரகத்துக்கு மட்டும் சுவிஸ் கம்பெனிக்காரன் வைக்கிற அடையாளம்மா இது. அழிச்சா அசலே இல்ல" என்று அடித்துவிட்டான். அவன் வாய்க்கு இது பொருத்தம்தான். நானும் ரசித்துத்தான் எழுதினேன். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அந்த வாயை நம்பி ஒப்படைக்க மனசு வரவில்லை.

பிறகு, முடிவை அவளிடமே விடலாம் என்று நினைத்தேன். அவள்தானே வைத்தாள்? ரத்தினவேல் டயலைப் பிடித்திருந்த சாமணத்தை அவள் பக்கம் நீட்டினான். அவள் குனிந்தாள். ஊதவா, ஒரு தடவை கிட்டத்தில் பார்க்கவா என்று தெரியவில்லை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். நானும்தான். அவள், "தம்பி" என்றாள்.

அதற்குள் நடத்துனர் கத்திவிட்டார். நான் இறங்க வேண்டியதாயிற்று.

சாமணம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. டயல் முகத்துக்கு நேரே, மூச்சுப் படுகிற தூரத்தில். சொர்ணவல்லி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எது நடந்தாலும் அது நீங்கள் செய்ததாகவே இருக்கட்டும், தவறிப்போய் நடந்துவிடக் கூடாது. அதனால், வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் மனசுக்குள் படியுங்கள்.