பெரிய வண்டிக்கு வழி

சவப்பெட்டியில் கிடந்த தன் கணவர் தமோட்சுவின் கன்னத்தை ஒட்டி ஒரு வெள்ளைச் சாமந்தியை வைத்துக்கொண்டிருந்தாள் கினுயோ. அப்போதுதான் இறுதிச் சடங்குக்காரர் ஹோட்டா உள்ளே வந்து அவள் மகன் ஷூஹெய்யின் காதருகே குனிந்தார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பிக்கு மந்திரம் ஓதி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். அறையில் வேறு சத்தமில்லை.

"சவ வண்டியால மேல வர முடியலைங்க. ரோடு பூரா காரு நிக்குது. பூ பாக்க வந்தவங்க."

ஷூஹெய் எழுந்துவிட்டான். ராத்திரி முழுக்க அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததில் கண்கள் சிவந்திருந்தன.

"நான் போய்க் கேக்கறேன். பொணம் போற வழில காரை நிறுத்திட்டு என்ன வேடிக்கை?"

"நீ போனா சண்டைதான் வரும். நான் போறேன்."

"நீ எங்கம்மா போற? எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"உக்காந்திருக்கட்டும்."

பக்கத்து வீட்டுத் தோமி அவள் முழங்கையைப் பிடித்தாள். "இன்னிக்காவது ஒரு எடத்துல உக்காரேன்டி. வர்றவன் போறவனையெல்லாம் கவனிக்கிற பைத்தியம் உன் புருஷனுக்குத்தான்னு பாத்தா, உனக்குமா?" சொல்லி முடிப்பதற்குள் தோமிக்குக் குரல் உடைந்தது.

வெளியே குளிர்காற்று. வாசலுக்கருகே ஆணியில் தமோட்சுவின் நீல வேலைச் சட்டை தொங்கியது. கறுப்பு உடுப்பின் மேல் அதைப் போட்டுக் கழுத்துவரை பொத்தானை மாட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு கினுயோ இறங்கினாள்.

எதிர்ச் சரிவு ஒருகாலத்தில் படிப்படியாக நெல்வயல். ஆட்கள் நகரத்துக்குப் போனார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள், மிச்சமிருந்த நெல்லைக் காட்டுப்பன்றி தின்றது. அதற்கெல்லாம் முன்பே தமோட்சு வரப்போரங்களில் பீச் மரம் நட ஆரம்பித்திருந்தார். காய்க்காத ஜாதி, வெறும் பூவுக்கானது. ஒரே மரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் ரத்தச் சிவப்புமாகப் பூக்கும். வயல் தரிசாக ஆக, மரங்கள் படி படியாக மேலே ஏறின. காய்க்காத மரத்தை எதற்கு நடுகிறாய் என்று ஊர் கேட்டால், "இதைப் பன்னி தின்னாதுல்ல" என்பார். கினுயோவுக்கும் அதே பதில்தான். ஊருக்கு வழிகாட்டும் பலகைகூடக் கிடையாது. ஒருத்தர் சொல்லி ஒருத்தராக ஆட்கள் வந்தார்கள்.

போன வாரம் பூ பார்க்க வருகிறவர்கள் நடப்பதற்காகப் புல் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அரிவாளோடு சரிந்து விழுந்தார். அன்று எல்லாம் மொட்டு. அவர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து, பிறகு வீட்டில் பனிக்கட்டிக்கு நடுவே படுத்திருந்த நாட்களில் வெதுவெதுவென்று காற்றடித்து மலை முழுக்கப் பூத்துவிட்டது. கினுயோ அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே இல்லை.

இப்போதும் தரையைப் பார்த்துத்தான் நடந்தாள். சாலை வளைவில் ஒரு வெள்ளைக் கார். பக்கத்துக் கல்மேட்டில் வயதான ஒரு பெண் அரிசி உருண்டை தின்றுகொண்டிருந்தாள். மகள் போலிருந்தவள் கினுயோவைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"அம்மா, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் போன் கைக்கு வந்துவிட்டது. படம் எடுக்க வேண்டுமென்றால் நிமிர்ந்துதானே ஆக வேண்டும். கினுயோ நிமிர்ந்தாள். அந்த இரண்டு பேருக்குப் பின்னால் சரிவு முழுவதும் நின்றது. இரண்டு முறை எடுத்தாள்.

"நீங்க இந்த ஊரா? போன வருஷம் இங்க ஒரு பெரியவரைப் பாத்தேன். இதே மாதிரி நீலச் சட்டை. அவர்தான் இதெல்லாம் நட்டதாம்."

"என் வீட்டுக்காரர்."

"ஐயோ!" அவள் தன் தாய் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான் சொன்னேன்ல, அழுத பொண்ணு. இவங்கதான்!"

"எந்தப் பொண்ணு?" என்றாள் கினுயோ.

"நீங்க கடலோரத்துலேருந்து வாக்கப்பட்டு வந்தீங்களாமே. இந்த ஊருக்கு ஒரு மனுஷனும் வரமாட்டானான்னு அடுப்படில நின்னு அழுதீங்களாம். அவர் பாத்துட்டாராம், ஆனா பாத்ததா காட்டிக்கலையாம். நாலு பேரை இங்க வரவைக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாராம்."

கினுயோவுக்கு அது நினைவிருந்தது. மாமியார் காதில் விழுந்துவிடுமோ என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதிருந்தாள். யாருக்கும் தெரியாதென்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

"இப்பவும் அழுவாங்களான்னு கேட்டேன். 'அழவா? என்னைத் திட்டவே அவளுக்கு நேரம் பத்தலை'ன்னாரு!" அவள் சிரித்தாள். கினுயோவின் தொண்டையிலிருந்தும் சிரிப்பு போல ஏதோ வந்தது.

"இன்னிக்கு வீட்ல இருக்காரா?"

"இருக்காரு."

"அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு வான்னு அவர்தான் சொன்னாரு. நாகோயாவிலேருந்து கூட்டிட்டு வந்துட்டேன்னு சொல்றீங்களா?"

"சொல்றேன்." பிறகு கினுயோ சாலையைக் காட்டினாள். "காரையெல்லாம் கொஞ்சம் கீழ எடுக்கணும். பெரிய வண்டி ஒண்ணு மேல வரணும்."

"வீட்ல விருந்தாளிங்களா?"

"ஆமா. நெறையப் பேர்."

அந்தப் பெண்ணே ஓடி ஓடி மற்றவர்களிடம் சொன்னாள். கார்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

வீட்டில் சவப்பெட்டி இன்னும் திறந்தே இருந்தது. கினுயோ சட்டையைக் கழற்றாமல் மண்டியிட்டாள்.

"கூட்டிட்டு வந்துட்டாளாம்," என்றாள்.

"யாரும்மா?" என்றான் ஷூஹெய்.

அவள் தமோட்சுவின் முகத்தையே பார்த்தாள். வழியில் பார்த்தவனிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் மட்டும் பன்றிக் கதை. கேட்பதற்கு வாயைத் திறந்தாள். சரியாக இருந்த சாமந்தியையே மறுபடி சரிசெய்தாள்.

"மூடலாங்களா?" என்றார் ஹோட்டா.

"இருங்க."

உள்ளங்கையை அவர் கன்னத்தில் வைத்தாள். ஓடை நீரில் கிடந்த கல் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் அழாதவள், ராத்திரி முழுக்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், இப்போது அழுதாள். குழாய் எதுவும் ஓடவில்லை. எல்லோருக்கும் கேட்டது. தோமிகூட அவளைத் தொட வரவில்லை.

பெட்டியை ஏற்றியதும் வண்டி நீளமாக ஹாரன் அடித்துக் கிளம்பியது. இறந்த பின் தமோட்சுவுக்குப் பிக்கு வைத்த புதுப்பெயர் எழுதிய சிறு மரப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு கினுயோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். இப்போது நீலச் சட்டை இல்லை, கறுப்பு மட்டும்.

வளைவில் அந்தத் தாயும் மகளும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். பெரிய வண்டிக்குக் கையசைக்க மகள் கையைத் தூக்கினாள். கண்ணாடிக்குள்ளே இருந்த முகத்தைப் பார்த்தாள். கை பாதியிலேயே நின்றது. தாய் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து கும்பிட்டாள்.

கினுயோ தலை தாழ்த்தினாள்.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "தெரிஞ்சவங்களாம்மா? நிறுத்தவா?"

"வேணாம். பூ பாக்க வந்தவங்க."

சாலை திரும்பியது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள்தான்.